மிளகுக்கு வாங்கிய வெடிச்சத்த ஜாக்கெட்: 1,450 ரூபாய், மூன்று நாள் தீபாவளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடிச்சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கு மாட்டுகிற இந்த ஜாக்கெட்டைத் தீபாவளி வாரத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் அந்தக் காசுக்கு மிக்சர் வாங்கித் தின்னலாம். ஆகஸ்டில் வாங்கினால் உருப்படியான பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தீபாவளி ஆனது.

மிளகு எங்கள் வீட்டு நாய். பேருக்கேற்ற கறுப்பு, 17 கிலோ, பெங்களூர் அல்சூர் பஜார் பக்கம் காய்கறி வண்டிக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தவள். குப்பை வண்டிக்காரரையே தினமும் காலையில் கணக்குக் கேட்கிற ஆள், ஒரு லட்சுமி வெடி வெடித்தால் பாத்ரூமில் கமோடுக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடுவாள், நாக்கு தொங்கும், எச்சில் ஒழுகும், கூப்பிட்டால் நம்மையே யாரோ மாதிரிப் பார்ப்பாள். நம் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு அது சுமார் 45,000, பூனைக்கு இன்னும் மேலே 60,000ஐத் தாண்டும். நமக்கு ஒரு 'டமார்' என்றால் அவர்களுக்கு அதில் இன்னும் என்னென்ன கேட்கிறதோ.

பெங்களூரில் இன்னொரு தொல்லை உண்டு, இதை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. அங்கே தீபாவளி ஒரு நாள், விடிகாலையில் தொடங்கி ராத்திரியோடு முடிந்தது. இங்கே நரக சதுர்த்தசி, அமாவாசை, பலிபாட்யமி என்று மூன்று நாள். 2025ல் அக்டோபர் 20 திங்கள் முதல் 22 புதன் வரை. அதிலும் எங்கள் தெருவில் பாதி தமிழ் வீடு, பாதி கன்னட வீடு. விடிகாலை நாலு மணி வெடி நம்முடையது, ராத்திரி வெடி அவர்களுடையது, நடுவில் பிள்ளைகள் கையில் இருக்கும் பிஜிலி இருவருக்கும் பொது. சட்டப்படி பார்த்தால் உச்ச நீதிமன்றம் 2018ல் ராத்திரி 8 முதல் 10 வரை என்றது, தமிழ்நாடு கேட்டு வாங்கிய காலை நேரம்கூட 6 மணிக்குத்தான் தொடங்குகிறது, கர்நாடகத்துக்கு அதுவும் இல்லை. அப்படியென்றால் எங்கள் மாமனார் இருந்தவரை நாலரைக்குக் கொளுத்திய சரம் எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள். பசுமைப் பட்டாசு வந்துவிட்டதே என்பார்கள். புகை குறையலாம், வெடி வெடிதான், அட்டைப்பெட்டியில் ஒட்டிய பச்சை முத்திரையை மிளகுக்கு வாசிக்கத் தெரியாது.

சரி, முதல் தீபாவளிக் கதை. 2023ல் அவளைச் சர்ஜாபூர் பக்கம் நாய்களைத் தங்கவைக்கும் ஒரு போர்டிங்கில் விட்டோம். பேர் வேண்டாம். 'பட்டாசுச் சத்தமே கிடையாது, தோட்டம், அமைதி' என்றார்கள், நாலு நாளுக்கு நல்ல தொகை. முதலில் ஓசூர் ரோட்டில்தான் தேடினேன், அப்புறம்தான் உறைத்தது, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரே பட்டாசு வாங்கப் போகிற வழியில் அமைதியைத் தேடினால் எப்படி. சர்ஜாபூர் ஆட்கள் தினமும் ஒரு வீடியோ அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் பின்னணியில் புல்லாங்குழல் இசை ஒட்டியிருந்தது. அழகாக எடிட் செய்கிறார்களே என்று அத்தையிடம்கூடக் காட்டினேன். கூப்பிடப் போனபோது பார்த்தால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் 14 மாடி அடுக்ககம், காம்பவுண்டு முழுக்கச் சிவப்புக் காகிதக் குப்பை. புல்லாங்குழல் எதற்கு என்று அப்போது புரிந்தது. மிளகு முன்னங்கால் நகம் இரண்டைக் கதவில் பிறாண்டியே உடைத்து வைத்திருந்தாள். போர்டிங்கே கூடாது என்று சொல்லவில்லை, விடுவதற்கு முன் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வண்டியில் சுற்றிப் பாருங்கள், அவ்வளவுதான்.

2024ல் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அக்டோபர் 31 ராத்திரி எதிர்வீட்டு ஆன்ட்டி ஹோளிகே, அதாவது போளித் தட்டோடு வந்தார், நான் கதவைத் திறந்தேன், அதே நொடியில் கீழே ஒரு ஆட்டம் பாம். மிளகு என் காலுக்கும் கதவுக்கும் நடுவில் போனதுதான் தெரியும், கையில் கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம். விடிய விடியத் தேடினோம், ஏரிக்கரை, சோமேஸ்வரர் கோயில் பக்கம், திருவள்ளுவர் சிலைப் பக்கம் எல்லாம். மறுநாள் ராஜ்யோத்சவம், கர்நாடகம் உருவான நாள். மர்பி டவுனில் மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு ஆட்டோவின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள். 'காலையில இருந்து இறங்க மாட்டேங்குதும்மா, சவாரியே போகல' என்றார் டிரைவர். அன்றைய வாடகையைக் கொடுத்துவிட்டு அதே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம், கொடியோடு.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தேன். கழுத்துப்பட்டியை விட்டுவிட்டு நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ், அதில் சாவிக்கடையில் என் போன் நம்பர் பொறித்த தகடு. மைக்ரோசிப்பும் போட்டாயிற்று, அரிசி அளவுதான், 15 இலக்க எண் இருக்கும். ஆனால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை, யாராவது நாயைப் பிடித்துக் கொண்டுபோய் ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் எண் தெரியும். தெருவில் பார்க்கிறவருக்குத் தகடுதான் உதவும்.

இப்போது ஜாக்கெட்டுக்கு வருகிறேன். விஷயம் எளிது. நெஞ்சையும் வயிற்றையும் சீராக இறுக்கிப் பிடிக்கிற, நீட்டினால் நீளுகிற பருத்தித் துணி, மூன்று இடத்தில் வெல்க்ரோ. குழந்தையைத் துணியில் சுற்றினால் அழுகை அடங்குமே, அந்தத் தத்துவம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் 1960களில் மாடுகளை இறுக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்து, தன் சொந்தப் பதற்றத்துக்கு ஒரு அழுத்தும் பெட்டி செய்துகொண்டார், அதுவும் இதே வழிதான். இந்த ரகத்தில் பேர்போனது தண்டர்ஷர்ட். அதன் விலை எனக்குக் கட்டவில்லை, நான் வாங்கியது அதே மாதிரி இங்கே தைத்து நாலைந்து பேரில் விற்கப்படுவதில் ஒன்று. துணியும் வெட்டும் எல்லாம் ஒரே தையல் கூடத்தில் இருந்து வருவது போலத்தான் இருக்கிறது, அதனால் பிராண்ட் பேர் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அளவில்தான் முதல் சறுக்கல். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கச் சொல்கிறது அட்டவணை, மிளகுக்கு 58 சென்டிமீட்டர், மீடியம் என்று வந்தது. மாட்டினால் நெஞ்சில் சிக்கென்று இருக்கிறது, வயிற்றில் தொளதொள. ஏனென்றால் இதெல்லாம் லாப்ரடாரை மனத்தில் வைத்து வெட்டியது. நம் நாட்டு நாய்க்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்க்கு இன்னும் மோசம். வயிற்றில் ஒட்டாவிட்டால் அழுத்தம் கிடைக்காது, அழுத்தம் இல்லாவிட்டால் அது வெறும் பனியன். பஜார் தெரு தையல்காரரிடம் கொடுத்து இடுப்புப் பக்கம் இரண்டு டார்ட் பிடித்தேன், 60 ரூபாய். பிடித்துத் தைக்கும்போது உள்ளே இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்கட்டும், மூச்சு வாங்க வேண்டும் இல்லையா.

இரண்டாவது சறுக்கல் வெல்க்ரோ. யார் யோசித்தார்களோ தெரியவில்லை, சத்தத்துக்குப் பயந்த நாய்க்கு மாட்டுகிற துணியைப் பிரிக்கும்போது 'பர்ர்ர்ர்' என்று கிழிகிற சத்தம், அதுவும் காதுக்கு ஒரு ஜாண் தள்ளி. முதல் நாள் அந்தச் சத்தத்திலேயே அவள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இங்கேதான் ஆகஸ்ட் என்று சொன்னதன் அர்த்தம். ஒரு வாரம் ஜாக்கெட்டை மாட்டவே இல்லை, அவள் படுக்கிற சாக்கின் மேல் சும்மா போட்டு வைத்தேன். அப்புறம் பக்கத்து அறையில் இருந்தபடி வெல்க்ரோவை மெதுவாகப் பிரிப்பேன், ஒரு 'பர்', ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். அடுத்த வாரம் அதே அறையில். அதற்கடுத்து முதுகில் சும்மா போட்டுவிட்டு ஈரல். மாட்டி ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மழை தூறும் சாயங்காலத்தில் அரைமணி நேரம். போனில் வெடிச்சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வைத்து அதற்கும் ஈரல். இதற்குப் பொறுமை வேண்டும், நான் பொறுமைசாலி இல்லை, அத்தைதான் செய்தார். 'எம் புள்ளைகளுக்குக்கூட இவ்வளவு ஊட்டலடி' என்று முனகிக்கொண்டே.

இந்தப் பயிற்சி இல்லாமல் வெடிக்கிற அன்றைக்கே முதன்முதலாக மாட்டினால் நாய்க்கு அந்த ஜாக்கெட்டே வெடிக்கான அறிகுறியாகிவிடும், அடுத்த வருடம் அலமாரியைத் திறந்தாலே நடுங்கும். பெட்டியில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. இதற்காகவே மதிப்பெண்ணில் ஒன்றைக் கழித்தேன், அளவு அட்டவணைக்கு அரை, ஆக 5க்கு மூன்றரை.

விநாயகர் சதுர்த்தி ஒத்திகை ஆயிற்று. அல்சூர் ஏரிக் கல்யாணியில் பிள்ளையாரைக் கரைக்க ஊரில் பாதி எங்கள் தெரு வழியாகத்தான் போகும், தமட்டை, விசில், நடுநடுவே சரவெடி. ஜாக்கெட்டோடு இருந்தாள், நடுங்கவில்லை, அப்படியே சிலை மாதிரி நின்றாள். நான் ஆகா வேலை செய்கிறது என்று வீடியோ எடுத்து எங்கள் கால்நடை டாக்டருக்கு அனுப்பினேன். அவர் திரும்பக் கேட்டார், 'ஈரல் கொடுத்தா சாப்பிடுறாளா?' சாப்பிடவில்லை. காது பின்னால் படிந்திருக்கிறது, வெள்ளை விழி தெரிகிறது, சும்மா சும்மா உதட்டை நக்குகிறாள், இது அமைதி இல்லை, உறைந்துபோவது என்றார். இறுக்கிக் கட்டினால் சில நாய் அசையாமல் நிற்கும், நமக்குப் பார்க்க நிம்மதியாக இருக்கும், நாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த ரக ஜாக்கெட்டுகள்மேல் நடந்த ஆராய்ச்சிகள் சின்னவை, முடிவும் ஒரு பக்கமாக இல்லை, சில நாய்க்குப் பலன் தரும், சிலதுக்குத் தராது என்பதுதான் நிலவரம். தின்கிறதா என்று பாருங்கள். பயத்தின் உச்சியில் இருக்கும் நாய் உயிரான தீனியையும் தொடாது.

அவர் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பேரை எழுத மாட்டேன், நாயின் எடை, வயது, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்துக் கொடுப்பது. ஆனால் அவர் சொன்ன மூன்றைச் சொல்லலாம். வெடி தொடங்கி நாய் நடுங்கிய பிறகு கொடுத்தால் பாதிகூட வேலை செய்யாது, முன்னதாகவே உள்ளே போயிருக்க வேண்டும். அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தள்ளாடுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மாத்திரையை இதற்கென்று யாராவது கைமருந்தாகத் தந்தால் வாங்காதீர்கள், உடம்பு மட்டும் அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பூனைக்கு பாராசிட்டமால் எமன்.

2025 தீபாவளி அன்று. திங்கள் காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எழுகிற நேரத்துக்கும் முன்னால் மூன்றே முக்காலுக்கு ஜாக்கெட்டை மாட்டினேன். இடம் நடு அறை, ஜன்னல் கிடையாது, கட்டிலுக்கு அடியில் பழைய கம்பளம், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. டிவியில் பட்டிமன்றம் வைத்தால் சத்தத்தை மறைக்கும் என்று என் கணவர் யோசனை சொன்னார், நடுவர் பேசும்வரை சரி, கைதட்டல் வந்ததும் அவள் துள்ளி எழுந்தாள், ஃபேனே போதும் என்று விட்டுவிட்டோம். நாலேகால் மணிக்கு முதல் வெடி. இரண்டாவது. மூன்றாவதுக்கு அப்புறம் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினேன், ஈரலை மூக்கால் முகர்ந்து, கொஞ்சம் யோசித்து, வாங்கிக்கொண்டாள். நான் அங்கேயே எண்ணெய்த் தலையோடு தரையில் படுத்துக்கொண்டேன். பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று முன்பு சொல்வார்கள், அது தப்பு, பக்கத்தில் இருப்பது கெடுதல் இல்லை என்றார் டாக்டர்.

திங்கள், செவ்வாய் ராத்திரிகள் ஜாக்கெட், மாத்திரை இரண்டும். தூங்கினாள் என்று பொய் சொல்ல மாட்டேன். மூச்சு இரைத்தது, ஆனால் கமோடுக்குப் பின்னால் போகவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரல் வாங்கிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி அக்குளைப் பார்த்தேன், துணி உராய்ந்து சிவந்திருந்தால் தெரியும். பெங்களூர் அக்டோபர் ராத்திரி குளிர் என்பதால் சமாளிக்க முடிந்தது. சென்னையில் இருக்கும் அக்கா கேட்டபோது ஏசி அறை இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன், நாய் சூட்டை இறக்குவதே முக்கால்வாசி மூச்சிரைத்துத்தான், பயத்தில் ஏற்கனவே இரைக்கிற நாயை அந்தப் புழுக்கத்தில் துணியில் கட்டுவது கொடுமை.

புதன் பலிபாட்யமி அன்று ஜாக்கெட் தோற்றுவிட்டது. மூன்று நாள் சேர்ந்த களைப்பு அவளுக்கு, வெல்க்ரோவில் மூன்று நாள் முடி சிக்கி ஒட்டுப் பிடிமானம் வேறு போய்விட்டது. ராத்திரி பதினொன்றே காலுக்கு யாரோ பத்தாயிரம் வாலாவை விரித்துக் கொளுத்தினார்கள், முடிகிற மாதிரியே இல்லை, வயிற்றுப் பக்கம் ஜாக்கெட் தானாகவே பிரிந்துகொண்டது, மிளகு நேராக பாத்ரூம். சரி என்று நானும் ஒரு தலையணையோடு அங்கேயே போய் உட்கார்ந்தேன். இது இடிமழைக்கும் வெளிநாட்டில் ஒரு ராத்திரி வாணவேடிக்கைக்கும் செய்த பொருள், மூன்று நாள் வெடியை அதன் தலையில் கட்டியது என் தப்பு என்றும் சொல்லலாம்.

கூடவே வாங்கிய மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். காதை மூடும் துணித் தொப்பி, 399 ரூபாய், மூன்று நிமிடத்தில் உதறிவிட்டாள், இப்போது அத்தை தோசைக்கல் பிடிக்க வைத்திருக்கிறார். பிளக்கில் சொருகும் வாசனைக் கருவி, அடாப்டில் ரகம், தாய்நாய் பால் கொடுக்கும் காலத்தில் மடிப் பக்கம் சுரக்கும் வாசனையின் நகல், நமக்கு மூக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முன்பே சொருகிவிட வேண்டும், ஒரு குப்பி ஒரு மாதம் வரும். பலன் இருந்ததா என்றால் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பூனைக்கு இதே மாதிரி ஃபெலிவே உண்டு, தங்கை வீட்டுப் பூனைக்கு அதைவிட பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி பிடித்துப்போய் மூன்று நாளும் அதற்குள்ளேயே இருந்தது.

வெடியை மட்டும் பார்த்துக்கொண்டு சமையலறையை மறந்துவிடாதீர்கள். அத்தை ரவா லாடில் உலர்திராட்சை வைப்பார், திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே காலி பண்ணிவிடும், எந்த நாய்க்கு, எத்தனை என்று கணக்கே கிடையாது. சாக்லேட் பெட்டி, மட்டன் குழம்பில் வெந்த எலும்பு, நெய் சொட்டும் லேகியம் எல்லாமே மேல்தட்டுக்குப் போய்விட்டன. இந்த வருடம் அத்தையே முந்திரி மட்டும் வைத்துப் பிடித்தார், 'நாய்க்காக லாடு மாறிப்போச்சு' என்று ஊருக்கெல்லாம் போனில் சொன்னார். எரிந்த மத்தாப்புக் கம்பியை வாசலில் அப்படியே போடுகிறவர்கள் மட்டும் கையில் கிடைத்தால் இருக்கிறது, கம்பி சிவப்பு மங்கிய பிறகும் நல்ல சூடு, தெருநாய் மிதித்துவிட்டு நொண்டுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மூன்று ராத்திரியும் மாடிப்படிக் கதவைத் திறந்தே வைத்தோம், முதல் படியிலேயே நாலு பேர் படுத்திருந்தார்கள், ஒருவன் எங்கள் மிளகுக்கு அண்ணனாகக்கூட இருக்கலாம்.

ஜாக்கெட்டைத் துவைத்தாயிற்று. வெல்க்ரோ முடியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தால் பாதி ஒட்டுகிறது. புது வெல்க்ரோ மாற்ற அதே தையல்காரரிடம் போனேன். இந்த முறை வயிற்றுப் பக்கத்துக்கு வெல்க்ரோவே வேண்டாம், ரவிக்கைக் கொக்கி வைத்துவிடலாம், சத்தமே வராது என்று அவரே சொன்னார், 80 ரூபாய். ஜனவரி ஒன்றுக்கு எம்.ஜி. ரோட்டில் வெடிக்கிறது எங்கள் மொட்டை மாடிவரை கேட்கும், டிசம்பர் பத்துக்குள் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு ஆன்ட்டி தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுக்க அவர் கடைக்கே போய்விட்டாராம்.